31 லட்சம் பிராங்குக்குப் போன பழுப்பு டயல்: பழைய வாட்ச்சில் தேய்மானத்துக்கு ஏன் விலை?

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 சுவிஸ் பிராங்குக்குப் போனது. ஏலத்துக்கு முன் அதற்குப் போட்டிருந்த மதிப்பு 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் பிராங்க்தான். 1957இல் அறிமுகமான முதல் ஸ்பீட்மாஸ்டர் வகை அது; மாடல் எண் 2915-1. கறுப்பாக இருந்த டயல் காலப்போக்கில் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. வந்த விலையில் பெரும்பங்கு அந்தப் பழுப்புக்கு.

ஒன்றரை வருடம் கழித்து, 2023 ஜூனில், இன்னொரு செய்தி வந்தது. அது தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரே வாட்ச் இல்லை, பல பழைய ஒமேகாக்களின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்று ஒமேகாவே சொன்னது. முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு இதில் பங்கு உண்டு என்றும் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், ஏலத்தில் அதை வாங்கியதும் ஒமேகாதான், தன் அருங்காட்சியகத்துக்காக.

இதைப் படித்தவர்களுக்கு இரண்டு குழப்பம் வருவது இயல்பு. நிறம் மங்கிய டயலுக்கு யாராவது இவ்வளவு பணம் கொடுப்பார்களா? அப்புறம், பாகங்கள் பெரும்பாலும் அசல் ஒமேகா பாகங்கள்தான் என்றால் மோசடி எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

வாட்ச் சேகரிப்பவர்கள் பேசும்போது அடிக்கடி வரும் சொற்கள் இவை:

1. நியூ ஓல்ட் ஸ்டாக்: பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, விற்காமல் கடையிலோ கிடங்கிலோ அப்படியே தங்கிப்போனது. வயது அறுபதாக இருக்கலாம்; ஒருவர் கையிலும் ஏறியதில்லை.
2. பாட்டினா: வயதால் வரும் மேற்பரப்பு மாற்றம். டயலின் பழுப்பு, ஒளிரும் பூச்சின் மஞ்சள், டயலைச் சுற்றி வெளியே இருக்கும் பெசல் வளையத்தின் வெளிறல் எல்லாம் இதில் அடங்கும்.
3. டிராபிகல் டயல்: கறுப்பு டயல் பழுப்பாக மாறியது. வெயில் நாடுகளில் கிடந்த வாட்ச்சுகளில் இப்படி ஆகும் என்ற எண்ணத்தில் வந்த பெயர்.
4. ரீடயல்: பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு மறுபடி அச்சடித்த டயல்.
5. ஃபிராங்கன் வாட்ச்: பல வாட்ச்சுகளின் பாகங்களால் ஆன கலவை.

புளி போட்டுத் தேய்க்கும் கை

பாட்டினா என்ற சொல் வாட்ச்சுக்கு வருவதற்கு முன்பே வெண்கலச் சிலைகளைப் பற்றிப் பேசப் பயன்பட்டது. தமிழில் அதற்கு நேரான சொல் களிம்பு. நம் மரபில் களிம்புக்கு நல்ல பெயர் கிடையாது. செம்பில் களிம்பு போல உயிரை மலம் பற்றியிருக்கிறது என்பது சைவ சித்தாந்தத்தில் அடிக்கடி வரும் உவமை. வீட்டிலும் அதே கதைதான்: பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

இந்தக் கை பழைய வாட்ச்சிடம் போகும்போதுதான் சிக்கல். தாத்தாவின் வாட்ச் பீரோவில் கிடைத்ததும் முதலில் தோன்றுவது, கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டு, கறை படிந்த டயலை மாற்றி, புதுசாக ஆக்கிவிடலாம் என்பதே. அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த ஒரு மதியத்தில் வாட்ச்சின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடக்கூடும்.

சேகரிப்பவர்கள் வாட்ச்சுகளை மனத்துக்குள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். தொடப்படாதது ஒரு முனை. நன்றாகத் தேய்ந்து, ஆனால் யாரும் கைவைத்துத் திருத்தாதது மறு முனை. இரண்டுக்கும் ஆள் உண்டு. பார்க்க அழகாக, திருத்தி மெருகேற்றப்பட்டு நடுவில் நிற்கிறதே, அதற்குத்தான் மதிப்பு குறைவு. பழகாத கண்ணுக்கு அதுதான் மூன்றிலும் நல்லதாகத் தெரியும் என்பது இந்தத் துறையின் விசித்திரம்.

டயல் ஏன் நிறம் மாறுகிறது

பழைய டயல் என்பது பெரும்பாலும் ஒரு பித்தளைத் தகடு. மேலே நிறம், அதற்கு மேல் அச்சு, எல்லாவற்றுக்கும் மேல் தெளிவான வார்னிஷ். வெயிலின் புற ஊதாக் கதிர், வெப்பம், சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் வழியாக உள்ளே கசியும் ஈரம் எல்லாம் சேர்ந்து இந்த அடுக்குகளைத் தாக்குகின்றன. எந்தக் கலவை எப்படி மாறும் என்பது அந்தத் தொகுதியில் கலந்த சாயத்தைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே மாடலில் ஒன்று காப்பி நிறமாகிறது, இன்னொன்று கரியாகவே இருக்கிறது.

கம்பெனிக் கண்ணில் இது தரக்குறைவு. வாட்ச் சர்வீசுக்கு வந்தபோது மங்கிய டயலை எடுத்துவிட்டுப் புது டயல் போட்டுக் கொடுப்பது அந்தக் காலத்தில் நல்ல சேவையாகவே கருதப்பட்டது. இப்படி மாற்றியது போக மிச்சம் இருப்பவை குறைவு. குறைவானதற்கு விலை ஏறியது.

எல்லா மாற்றத்துக்கும் விலை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டயல் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக மாறியிருந்தால் அது டிராபிகல். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டுப் பூஞ்சைப் புள்ளி விழுந்து, வார்னிஷ் உரிந்திருந்தால் அதற்குப் பெயர் சேதம், அவ்வளவுதான். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வருடக்கணக்கில் பீரோவில் கிடந்த வாட்ச்சுகளில் இந்த இரண்டாவது வகையே அதிகம் கிடைக்கும். விற்பவர் அதையும் பாட்டினா என்றுதான் சொல்வார்.

பொய் சொல்லத் தெரியாத பூச்சு

இருட்டில் மணி பார்க்க முள்ளிலும் எண்களிலும் தடவும் ஒளிரும் பூச்சு, வாட்ச்சின் வயதைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டிக்கார சாட்சி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. அமெரிக்காவில் இந்த டயல்களுக்குப் பூச்சிட்ட பெண் தொழிலாளர்கள் தூரிகை முனையை உதட்டால் கூராக்கியதால் ரேடியம் உடலில் சேர்ந்து இறந்த கதை பலருக்குத் தெரியும். 1960களில் ரேடியத்தின் இடத்தை டிரிட்டியம் பிடித்தது. டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில டி எழுத்து இருந்தால் டிரிட்டியம் என்று பொருள். 1990களில் கதிரியக்கம் இல்லாத லூமிநோவா வகைப் பூச்சுகள் வந்தன.

ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டு. டிரிட்டியத்துக்கு 12.3 ஆண்டு. 1965இல் பூசிய டிரிட்டியத்தில் இன்றைக்கு மிச்சம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஆகவே அந்த வயது வாட்ச் இருட்டில் பிரகாசமாக மணிக்கணக்கில் ஒளிர்ந்தால் யாரோ பிற்காலத்தில் புதுப் பூச்சு தடவியிருக்கிறார்கள். ரேடிய வாட்ச்சின் கதை வேறு: அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு தீய்ந்துபோய் ஒளி நின்றிருக்கும், ஆனால் ரேடியம் தீரவில்லை, கதிர்வீச்சு அளக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் சத்தம் போடும். இந்தக் காரணத்தால் ரேடிய வாட்ச்சை வீட்டில் திறப்பதும், டயலைச் சுரண்டுவதும் கூடாது. அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

டயலில் உள்ள பூச்சும் முள்ளில் உள்ள பூச்சும் ஒரே நாளில் தடவப்பட்டவை என்றால், இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி மஞ்சளாகியிருக்க வேண்டும். டயலில் வெல்லப்பாகு நிறம், முள்ளில் வெண்ணெய் நிறம் என்றால் முள் வேறு எங்கிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பாலிஷ் எதை எடுத்துக்கொண்டு போகிறது

கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள உலோகத்தைப் பள்ளத்தின் அடிவரை வழித்தெடுக்கத்தான் முடியும். பாலிஷ் சக்கரம் செய்வது அதையே. ஒருமுறை என்றால் கண்ணுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் ஐந்தாறு முறை நடந்தால், பட்டை மாட்டும் காதுகள் மெலிந்து, கத்தி மாதிரி இருந்த விளிம்புகள் சோப்புக் கட்டி போல உருண்டுவிடும். சரிவாகச் சீவியிருந்த ஓரப்பட்டி மறைந்துவிடும். காதில் இருக்கும் துளை விளிம்புக்கு நெருங்கி வந்துவிடும்.

போன உலோகத்தை லேசர் வெல்டிங்கால் திரும்ப வைத்து, பழைய வடிவத்துக்குச் சீவும் நுட்பம் இப்போது இருக்கிறது. நன்றாகச் செய்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அது திரும்பக் கட்டியது, மிஞ்சியது அல்ல.

மலிவு வாட்ச்சுகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் பலவற்றின் கேஸ், அதாவது வெளிக்கூடு, பித்தளை; மேலே குரோம் முலாம். பாலிஷ் சக்கரம் முலாமைத் தாண்டிப் பித்தளைக்கு நொடியில் இறங்கிவிடும். வியர்வை பட்டுக் காதோரம் மஞ்சளாகத் தெரியும் பித்தளை நேர்மையான தேய்மானம். சீராக மழமழவென்று மின்னும் புது முலாமுக்கு அடியில் விளிம்பு இல்லை என்றால் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தொடாததற்கும் நோய் உண்டு

அப்படியானால் யாருமே கட்டாத வாட்ச்தான் உத்தமம் என்று நினைக்கத் தோன்றும். வெளியே அது உண்மை, உள்ளே இல்லை. ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய் காயும், பிசின் போலக் கெட்டியாகும். ரப்பர் வளையங்கள் விறைத்து நொறுங்கும். கடையில் நாற்பது வருடம் கிடந்ததை வாங்கி, ஆசையாகச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டால், காய்ந்த எண்ணெயில் பல்சக்கர முனைகள் உரசித் தேயும். புதுசு என்று நம்பி வாங்கியதற்கும் முதல் செலவு ஆயில் சர்வீஸ்தான்.

இன்னொரு தொல்லை, அதைக் கட்டவே முடியாது. பின்மூடியில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கருக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்தீர்கள்? முதல் வாரத்திலேயே கதவு நிலையில் ஒரு இடி, ஒரு கீறல் என்றால், அது நல்ல நிலையில் உள்ள பழைய வாட்ச் ஆகிவிடும். அந்தப் பெயருக்கு விலை வேறு. எனக்குக் கேட்டால், கட்டுவதற்கென்று வாங்குகிறவர் நியூ ஓல்ட் ஸ்டாக் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரே வாழ்க்கை வாழ்ந்ததா?

இப்போது அந்த ஒமேகாவுக்கு வரலாம். பழைய வாட்ச்சில் விலை போவது புதுமையோ தேய்மானமோ தனித்தனியாக இல்லை. டயல், முள், கேஸ், உள்ளே ஓடும் மெஷின் என எல்லாம் ஒன்றாகப் பிறந்து, ஒரே இடத்தில் இருந்து, ஒரே அளவு வெயிலும் வியர்வையும் பட்டு இன்றுவரை வந்திருக்கின்றன என்ற நம்பிக்கைக்குத்தான் பணம். ஜெனீவாவில் விற்றதில் பாகங்கள் பழையவையாக இருக்கலாம், சேர்ந்து வாழ்ந்தவை அல்ல. மோசடி அங்கேதான் இருக்கிறது.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடியும் சந்தேகமும் போதும். பார்க்க வேண்டிய வரிசை:

1. டயலின் வயதும் கேஸின் வயதும் ஒத்துப்போகின்றனவா? கேஸ் ஆணி போல அடிபட்டிருக்க, டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல இருந்தால் கேள்வி கேளுங்கள். மறுபுறமும் அப்படியே: டயல் பழுப்பாகி, கேஸ் கண்ணாடியாக மின்னுவது பாலிஷின் அடையாளம்.
2. பட்டையைக் கழற்றிக் காதுகளின் உட்புறம் பாருங்கள். பட்டைக் கம்பி உரசிய தடம் இருந்தால் அது கட்டிய வாட்ச். கட்டாதது என்று சொல்லி விற்றால் பொய்.
3. பின்மூடியைத் திறக்கச் சொல்லி உட்பக்கம் பாருங்கள். பழுது பார்த்தவர்கள் தங்களுக்கான குறிப்பை, தேதியை ஊசியால் கீறி வைக்கும் வழக்கம் உலகம் முழுவதும் உண்டு. நான்கு கீறல் குறிப்பு இருக்கும் வாட்ச் நியூ ஓல்ட் ஸ்டாக்காக இருக்க வழியில்லை. பயன்பட்ட வாட்ச்சில் அதே குறிப்புகள் நல்ல செய்தி. யாரோ ஒழுங்காக சர்வீஸ் செய்திருக்கிறார்கள்.
4. மெஷினில் உள்ள திருகுகளின் தலை. திருப்புளி வழுக்கிக் கிழித்த தலைகள், வாட்ச் யார் யார் கையில் மாட்டியது என்று சொல்லிவிடும்.
5. கேஸில் உள்ள எண், மெஷினில் உள்ள எண், டயல் வகை மூன்றும் அந்தந்த ஆண்டுக்குப் பொருந்துகின்றனவா? சில நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேடுகளைப் பார்த்துச் சான்று தருகின்றன. ஆனால் சான்று எண்ணுக்குத்தான் கிடைக்கும். இன்று உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் அல்ல.

தேய்ந்த வாட்ச்சில் சாட்சி நிறைய இருக்கிறது. புத்தம் புதிதாகத் தெரிவதில் சாட்சி குறைவு, அதனால் ஏமாற்றவும் வசதி. தேய்ந்ததையே கணக்குப் போட்டுச் செய்ய முடியும் என்று ஒமேகா விவகாரம் காட்டியது. ஆனால் அந்த அளவு உழைப்பைப் போட லட்சக்கணக்கில் விலை வர வேண்டும். சாதாரண வாட்ச்சுக்கு அது கட்டுப்படியாகாது.

கட்டியவர் யார் என்பது தனிக் கணக்கு

சில வாட்ச்சுகளில் தேய்மானத்துக்கு உரியவரின் பெயர் தெரிந்திருக்கும். நடிகர் பால் நியூமேனின் ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. மனைவி ஜோன் வுட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. காரைப் பார்த்து ஓட்டு என்று பின்மூடியில் பொறித்திருந்தார். மார்லன் பிராண்டோவின் ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டரில் வெளி வளையமே இல்லை. ஒரு படத்தில் நடித்தபோது அவரே கழற்றிவிட்டார். பின்மூடியில் தன் பெயரைக் கையாலேயே கீறி வைத்திருந்தார். 2019 டிசம்பரில் அது 19 லட்சத்து 52 ஆயிரம் டாலர். வேறு எவருடைய வாட்ச்சிலாவது வளையம் காணாமல் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள்.

எச்.எம்.டி.யும் மும்பை ஸ்பெஷலும்

நம் ஊரில் இந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது எச்.எம்.டி. வாட்ச்சுக்கு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. சாவி கொடுத்து ஓட்டும் ஜனதா, பைலட் போன்ற மாடல்கள் கல்யாண மாப்பிள்ளை கையிலும் வேலைக்குச் சேர்ந்த பையன் கையிலும் ஏறின. 1984இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சுகளை அனுப்பத் தொடங்கியதும் எச்.எம்.டி.யின் இடம் சுருங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்றதும் ஆசை வந்தது, அதுவும் வழக்கம்தானே.

ஆசை வந்த இடத்தில் சரக்கும் வந்தது. தேய்ந்த மெஷின், மறுபடி அச்சடித்த டயல், புது முலாம் பூசிய கேஸ், பொருந்தாத முள். இணையத்தில் மலிவாக விற்கும் இந்தக் கலவைக்கு உலகெங்கும் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் மும்பை ஸ்பெஷல். எச்.எம்.டி. மட்டுமல்ல, ஃபேவர் லூபா, சீக்கோ வாட்ச்சுகளுக்கும் இதே கதி. கண்டுபிடிப்பது சிரமம் இல்லை: கம்பெனி போடாத பளிச் நிறங்கள், மை பரவித் தடித்த எழுத்து, நிமிடக் கோடுகளும் மணிக் குறிகளும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது.

குழந்தைக்கு வாங்கிக் கொடுக்க, தினமும் கட்ட, அது போதும் என்றால் தவறில்லை, மணி காட்டும். தொகுப்பில் வைக்க என்றால், அதே காசுக்குக் கிடைக்கும் கறை படிந்த, கண்ணாடி கீறிய, ஒரே வீட்டில் இருந்த ஜனதா எவ்வளவோ மேல். அக்ரிலிக் கண்ணாடியின் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், முடியாவிட்டால் மாற்றலாம். கண்ணாடியை மாற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தொகுப்பில் இரண்டும் எதற்கு

தொடாதது ஒன்றும் தேய்ந்தது ஒன்றுமாக ஒரே மாடலில் இரண்டு வைத்திருப்பவர்களைப் பார்த்து, ஏன் இந்த வீண் செலவு என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கேஸின் விளிம்பு முதலில் எவ்வளவு கூர்மையாக இருந்தது, டயலின் அச்சு எவ்வளவு மெல்லியது என்பதைத் தொடாத பிரதியில்தான் பார்க்க முடியும். அது இல்லாமல் தேய்ந்ததில் எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க முடியாது.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த திருமேனியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், ஆனால் அணிகளின் நுணுக்கம் அப்படியே நிற்கும். நூற்றாண்டுகளாகப் பூஜையில் இருந்ததில் அபிஷேகமும் துடைப்பும் முகத்தை மழுங்கவைத்திருக்கும்; சிற்பியின் கையைப் படிக்க முதலாவதும், கோயிலின் கையைப் படிக்க இரண்டாவதும் உதவும். மழுங்கிய கண்ணைப் பிற்காலத்தில் மறுபடி செதுக்கிய திருமேனிகளும் உண்டு. ஆய்வாளர்களுக்குத் தலைவலி கொடுப்பவை அவைதான்.

சர்வீசுக்குக் கொடுக்கும்போது

வீட்டில் பழைய வாட்ச் இருக்கிறது, ஓட வேண்டும், ஆனால் குணம் மாறக்கூடாது என்றால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை மூன்று. எழுதியே கொடுத்துவிடுங்கள், பாலிஷ் போடுவது அவர் பார்வையில் உங்களுக்குச் செய்யும் இலவச உதவி, கேட்காமலே செய்துவிடுவார்.

1. ஆயில் சர்வீஸ் மட்டும். கேஸையும் டயலையும் தொட வேண்டாம்.
2. மெஷினில் தேய்ந்த பாகத்தை மாற்றலாம். முள்ளோ டயலோ கிரவுனோ மாற்ற வேண்டியிருந்தால் முதலில் போன் பண்ணிக் கேட்கட்டும்.
3. கழற்றிய பழைய பாகம் எதுவாக இருந்தாலும், உடைந்த கண்ணாடி உட்பட, ஒரு சின்னக் கவரில் போட்டு வாட்ச்சோடு திருப்பிக் கொடுக்கட்டும்.